செத்த கிருமி ஏன் காய்ச்சல் தருகிறது?

6 வாரக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். தொடையில் பென்டாவேலன்ட் ஊசி. "ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்கம்மா" என்று சொல்லி, பாராசிட்டமால் சொட்டு மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் விளக்கி அனுப்புவார் நர்ஸ். அவர் சொன்னபடியே சாயங்காலம் உடம்பு சுட ஆரம்பிக்கும். குழந்தை சிணுங்கும், பால் குடிக்க மறுக்கும், தொடை சிவந்து வீங்கியிருக்கும். ஓரிரு நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த ஊசி ஐந்து நோய்களுக்கானது. ஐந்தில் ஒன்று கக்குவான் இருமல். அதற்காக மருந்தில் சேர்ப்பது முழு பாக்டீரியாவை, ஆனால் கொல்லப்பட்ட பாக்டீரியாவை. அது பெருகாது, எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாது. குழந்தையின் உடம்பு அதற்கெதிரான ஆன்டிபாடிகளைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். அப்படியானால் நான்கைந்து மணி நேரத்துக்குள் உடம்பைச் சூடாக்கியது எது?

குழந்தையின் வெள்ளையணுக்கள்தான். பிறக்கும்போதே அவற்றின் மேற்பரப்பில் இருந்த சில புரதங்கள், செத்த பாக்டீரியாவின் மேலுறை பட்டதும் அது இன்னதென்று கண்டுகொண்டன. ஏற்பிகள் என்று பாடப்புத்தகம் சொல்வது இவற்றைத்தான். அந்தக் கிருமியை இதற்கு முன் ஒருதடவைகூடச் சந்திக்காத செல் அதை எப்படி அடையாளம் கண்டது? பிறவி நோயெதிர்ப்பு என்ற துறையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்தது. சரியான விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1892இல், பெர்லினில் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா பாக்டீரியாவைச் சூடுபடுத்திக் கொன்று கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். கினிப் பன்றிகள் செத்தன. பாக்டீரியா சுரந்து வெளியே விடும் நஞ்சு அல்ல இது, அதன் உடம்போடு ஒட்டியிருக்கும் நஞ்சு என்று அவர் முடிவு செய்தார். எண்டோடாக்சின் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் அது என்று பின்னால் தெரிந்தது. ஈ.கோலை, சால்மனெல்லா, காலரா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு பெரும்பாலும் இதனால் ஆனது. ஒரே ஒரு ஈ.கோலையின் மேல் பத்து லட்சத்துக்கும் அதிகமான மூலக்கூறுகள் இருக்கும். கக்குவான் பாக்டீரியாவின் மேலுறையும் இதே வகைதான். ஆரோக்கியமான மனிதரின் இரத்தத்தில், எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் செலுத்தினாலே குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்துவிடும்.

நஞ்சு என்று பெயர் வைத்ததுதான் கோளாறு. சயனைடு எந்த உடம்புக்குள் போனாலும் சயனைடுதான். ஆனால் 1960களில் ஒரு விசித்திரமான சுண்டெலி இனம் கவனத்துக்கு வந்தது: சி3எச்/எச்இஜே. மற்றச் சுண்டெலிகளைக் கொல்லும் அளவு எண்டோடாக்சின் கொடுத்தும் இவை அசரவே இல்லை. சரி, இவை பலசாலி எலிகள் போலிருக்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. உயிருள்ள சால்மனெல்லா கொஞ்சம் உள்ளே போனாலே போதும், மற்ற எலிகள் சமாளித்துக்கொள்ளும் அளவிலேயே இவை செத்துப்போயின. நஞ்சு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கிருமி கொன்றுவிடுகிறது. இந்த முரண்பாட்டைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டால் விடை தானாகத் துலங்கும். லிப்போபாலிசாக்கரைடு செல்லை அரிப்பதுமில்லை, கிழிப்பதுமில்லை. உடம்பில் ஏதோ ஒன்று அதைப் படித்து, "பாக்டீரியா வந்துவிட்டது" என்று அறிவிக்கிறது. காய்ச்சலும் நடுக்கமும் அந்த அறிவிப்பின் விளைவு. இந்த எலிகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எதைக் கொண்டு படிக்கிறது என்பதை ஆய்வகத்தில் பார்ப்பதற்கு முன்பே யோசனையால் எட்டியவர் யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வே. நோயெதிர்ப்பியல் அறிஞர்கள் அதுவரை பெரிதும் கொண்டாடியது டி செல்கள், பி செல்கள் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களைத்தான். அவற்றின் ஏற்பிகள் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டுச் செய்யப்படுபவை. ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு வடிவம். உலகில் எந்த மூலக்கூறு வந்தாலும் பொருந்துவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் குலுக்கலில் வந்த ஏற்பிக்கு, தான் தொட்டது காலராவா கத்தரிக்காயா என்று தெரியாது. தூய்மையான புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அதோடு செத்த பாக்டீரியாத் தூளைக் கலந்தால்தான் எதிர்ப்பு கிளம்பும். ஆய்வகங்கள் எல்லாம் இப்படிக் கலந்துதான் ஊசி போட்டுக்கொண்டிருந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 1989இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் ஜேன்வே இதை நோயெதிர்ப்பியலின் அழுக்கு ரகசியம் என்றே குறிப்பிட்டார். குலுக்கலில் வராத, பரம்பரையாக மாறாமல் வரும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும், கிருமிகள் தம் உடம்பிலிருந்து கழற்றி எறிய முடியாத அடிப்படைப் பொருட்களை அவை அடையாளம் காண வேண்டும், அவை சொன்ன பிறகே டி செல்லும் பி செல்லும் வேலையைத் தொடங்க வேண்டும் என்றார். அப்படி ஓர் ஏற்பியைக்கூட அதுவரை யாரும் கண்டதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இதுதான்.

ஏற்பி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். 1980களில் ஜெர்மனியின் டியூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு குழு பழ ஈயின் கரு எப்படி முதுகையும் வயிற்றையும் பிரித்தறிகிறது என்று ஆராய்ந்தபோது ஒரு மரபணு அகப்பட்டது. ஜெர்மன் மொழியில் 'அட்டகாசம்!' என்பதற்குச் சொல்லும் 'டோல்' என்ற சொல்லே அதற்குப் பெயரானது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் அப்போது நினைக்கவில்லை. 1996இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் ஆய்வகத்தில் புருனோ லெமெத்ர், டோல் வேலை செய்யாத ஈக்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஈக்கள் சில நாட்களில் செத்தன. செத்த ஈயின் உடம்பு முழுக்கப் பூஞ்சை இழைகள் மயிர்போல் முளைத்திருந்த அந்த மைக்ரோஸ்கோப் படம், நோயெதிர்ப்பியல் படிக்கும் எல்லோரும் பார்த்திருக்கும் படம். மறு ஆண்டே ஜேன்வேயும் அவரிடம் வேலை பார்த்த ருஸ்லான் மெட்ஜிதோவும் மனிதரிடம் டோலின் உறவுப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது எதைத் தொடுகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அதை அவிழ்த்தது பழைய சி3எச்/எச்இஜே சுண்டெலிதான். டெக்சஸ் மாநிலம் டல்லஸில் புரூஸ் பாய்ட்லரும் அலெக்சாண்டர் போல்டோராக்கும் இந்த எலியின் குறை எந்த மரபணுவில் இருக்கிறது என்று ஐந்து வருஷம் குரோமோசோமை அங்குலம் அங்குலமாகத் தேடி, 1998இல் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அதனால் ஒரு புரதத்தின் 712ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருந்தது. அந்தப் புரதம், மெட்ஜிதோவ் மனிதரிடம் கண்டெடுத்த அதே டோல் உறவினர். இன்று அதை டிஎல்ஆர்-4 என்கிறோம்; டிஎல்ஆர் என்றால் டோல் போன்ற ஏற்பி. ஃபைஃபரின் 'நஞ்சை' வாசிக்கும் ஏற்பி 106 வருஷம் கழித்துக் கிடைத்தது. 2011இல் பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் நோபல் பரிசு வந்தது. ஜேன்வே 2003இலேயே காலமாகிவிட்டார். அவருடைய பங்கும் மெட்ஜிதோவின் பங்கும் விடுபட்டுவிட்டன என்று நோயெதிர்ப்பியலாளர்கள் பலர் சேர்ந்து வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

நெல் ஆராய்ச்சிக்காரர்கள் இதில் ஈ ஆராய்ச்சிக்காரர்களை முந்திவிட்டார்கள் என்பது அதிகம் பேசப்படாத சங்கதி. மாலி நாட்டுக் காட்டுநெல் ஒன்றிலிருந்து வந்த எக்ஸ்ஏ21 என்ற மரபணு, நெற்பயிரைப் பாக்டீரியா இலைக்கருகலிலிருந்து காக்கிறது. 1995இல் பமீலா ரொனால்டு குழு அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அதுவும் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பியாகவே இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, டோல் போலவே ஒரே மாதிரி மடிப்புகள் அடுக்கடுக்காக வளைந்த வடிவம். நெல்லுக்கு வெள்ளையணு கிடையாது, இரத்தம் கிடையாது. ஆனாலும் கிருமியை வெளியிலேயே தொட்டறிய அதுவும் இதே மாதிரி கருவியைச் செய்துகொண்டிருக்கிறது. 2008இல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இந்த ஏற்பியின் மரபணுவும், வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களும் சாதாரணக் கலப்பு முறையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204 ரகம்தான் அதன் தாய்.

சரி, டிஎல்ஆர்-4 எப்படி வேலை செய்கிறது? அதன் வெளிப்பகுதி குதிரை லாடம்போல் வளைந்தது. பாக்டீரியா முழுசாக வந்து அதில் மோத வேண்டியதில்லை. இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் பாக்டீரியாவின் மேலிருந்து ஒற்றை லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறைப் பிய்த்தெடுத்து, வெள்ளையணுவின் மேலிருக்கும் சிடி14 என்ற புரதத்திடம் கொடுக்கிறது. அது, டிஎல்ஆர்-4ஐ ஒட்டியே இருக்கும் எம்டி-2 என்ற புரதத்தின் பையில் போடுகிறது. லிப்போபாலிசாக்கரைடுக்கு வழக்கமாக ஆறு கொழுப்பு வால்கள். ஐந்து வால்கள் பைக்குள் அடங்கிவிடும். ஆறாவதுக்கு இடம் போதாமல் வாய்ப்புறத்தில் படிந்து நிற்கும். அந்த ஆறாவது வால்தான் முக்கியம். பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஎல்ஆர்-4 வந்து அதில் ஒட்டிக்கொள்ள, இரண்டு ஏற்பிகளும் ஜோடி சேர்கின்றன. வெளியே இரண்டும் நெருங்கினால் செல்லுக்கு உள்ளே தொங்கும் அவற்றின் அடிப்பகுதிகளும் நெருங்கும். அந்த நெருக்கமே செய்தி. கிருமியின் துகள் எதுவும் செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமில்லை.

உள்ளே மைடி88 என்ற புரதம் அந்த ஜோடியில் வந்து கோத்துக்கொள்கிறது, அதன்மேல் ஐராக்-4 முதலான நொதிகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. கடைசியில் என்எஃப் கப்பா பி என்ற புரதம் கட்டு அவிழ்ந்து செல்லின் கருவுக்குள் ஓடி, டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகிய தூதுப் புரதங்களின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. இவை இரத்தத்தில் கலந்து மூளைவரை எட்டுகின்றன. அங்கே ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுகிறது. உடம்பின் வெப்ப அளவு மேலே ஏற்றி வைக்கப்படுகிறது. தொடை ஊசியிலிருந்து நெற்றிச் சூடுவரை போகும் பாதை இவ்வளவுதான். பாராசிட்டமால் தடுப்பது இந்தக் கடைசிப் படியை மட்டுமே.

ஆறாவது வாலின் மதிப்பு என்ன என்பதைப் பிளேக் பாக்டீரியாவிடம் கேட்க வேண்டும். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. இந்தப் பாக்டீரியா தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் வாழும்போது, அந்தக் குறைந்த வெப்பத்தில், ஆறு வால் உள்ள லிப்போபாலிசாக்கரைடையும் செய்கிறது. மனித உடம்புக்குள் வந்து 37 டிகிரியை உணர்ந்ததும் நான்கு வால் வகைக்கு மாறிவிடுகிறது. நான்கு வாலும் பைக்குள்ளேயே அடங்கிவிடும், வாய்ப்புறத்தில் எதுவும் நிற்காது, ஏற்பிகள் ஜோடி சேராது. கிருமி நிணநீர் முடிச்சில் லட்சக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கும்போது உடம்பு ஏறக்குறைய மௌனமாக இருக்கும். 2006இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் விஞ்ஞானிகள், ஈ.கோலையிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துப் பிளேக் பாக்டீரியாவில் வைத்தார்கள். இப்போது அது 37 டிகிரியிலும் ஆறு வால் செய்தே தீர வேண்டும். மற்ற ஆயுதங்கள் எல்லாம் அப்படியே இருந்தும் அந்தப் பாக்டீரியாவால் சுண்டெலிகளைக் கொல்ல முடியவில்லை. டிஎல்ஆர்-4 இல்லாத சுண்டெலிகளை மட்டும் கொன்றது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அத்தனை சாவுக்கும் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று, கொழுப்பு வால் இரண்டு குறைவு என்பது.

டிஎல்ஆர்-4 தனியாள் இல்லை. மனிதருக்கு டோல் வகையில் மட்டும் 10 ஏற்பிகள். டிஎல்ஆர்-5 பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தைப் படிக்கும். டிஎல்ஆர்-2, கூட்டாளியை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொண்டு பாக்டீரியாவின் கொழுப்புப் புரதங்களைப் படிக்கும். டோல் குடும்பத்துக்கு வெளியே, டெக்டின்-1 என்ற ஏற்பி பூஞ்சையின் சுவரில் உள்ள பீட்டா குளுக்கனைத் தொடும். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் வேறொரு வகை, ஃபார்மைல் என்ற சிறு குறி ஒட்டிய புரதத் துண்டுகளை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். பாக்டீரியாவின் புரதங்கள் எல்லாம் அந்தக் குறியோடுதான் தொடங்கும். நம் செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததால் அது தானே செய்யும் புரதங்களிலும் அதே குறி. பெரிய விபத்தில் தசை நசுங்கி மைட்டோகாண்ட்ரியா இரத்தத்தில் சிதறினால், கிருமியே இல்லாமல் கிருமித் தொற்றைப் போலவே உடம்பு கொதிக்க இது ஒரு காரணம்.

எந்த ஏற்பி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றைப் படிக்கும் டிஎல்ஆர்-3, 7, 8, 9 நான்கும் மேற்பரப்பில் நிற்பதில்லை. செல் விழுங்கியதைச் செரிக்கும் பைகளுக்குள் இருக்கின்றன. நம்முடைய சொந்த டிஎன்ஏவும் செல்கள் சாகும்போது வெளியே சிந்துகிறது. மேற்பரப்பில் நின்றிருந்தால் ஓயாமல் அதைக் கிருமி என்று கூப்பாடு போட்டிருக்கும். கிருமியிடம் மட்டுமே இருக்கும் பொருளைப் படிப்பவை தைரியமாக வெளியே நிற்கலாம். அப்படி நிற்பதிலும் ஒரு பக்கம் பார்த்தே நிற்கின்றன. குடலின் உள்பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. குடற்சுவர் செல்களில் டிஎல்ஆர்-5 பெரும்பாலும் குடலைப் பார்த்த பக்கம் இல்லாமல், அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது உடம்பைப் பார்த்த பக்கம் இருக்கிறது. குடலுக்குள் கசையிழை இருந்தால் ஒன்றுமில்லை. சுவரைத் தாண்டி வந்துவிட்டால்தான் பிரச்சினை.

ஏற்பி நன்றாக இருந்து, உள்ளே செய்தி அறுந்துபோனால்? ஐராக்-4 பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் உண்டு. 2003இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டார்கள். நிமோகாக்கஸ் போன்ற சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும், சின்ன வயதில் உயிரையே எடுக்கும். மூளைக்காய்ச்சல் வந்த நிலையிலும் அவர்களுக்கு உடம்பு பெரிதாகச் சுடாமல் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையிலும் அழற்சிக்கான அளவுகள் மெதுவாகவே ஏறும். காய்ச்சல் இல்லை என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் குழந்தை கைமீறிப்போகும். பதின்வயதைத் தாண்டினால் தொற்று வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்குள் டி செல்களும் பி செல்களும் போதிய அனுபவம் சேர்த்துக்கொள்வதால் இருக்கலாம்.

மறுமுனையில் இருப்பது செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே கட்டுமீறிப்போவது. 2017இல் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு அது வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்தார்கள் என்பது மதிப்பீடு. உள்ளூரில் நடக்க வேண்டிய அறிவிப்பு உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஒலித்தால் இரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் கைவிடுகின்றன. அப்படியென்றால் டிஎல்ஆர்-4ஐ அடைத்துவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். எரிட்டோரான் என்ற மருந்து எம்டி-2 பையில் போய் உட்கார்ந்துகொண்டு லிப்போபாலிசாக்கரைடுக்கு இடம் விடாது. கிட்டத்தட்ட 2,000 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2013இல் வந்தது: மருந்து வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இறந்திருந்தார்கள். என் பார்வையில் இதற்கு முக்கியக் காரணம் நேரம். நோயாளி ஐசியூவுக்கு வரும்போது ஏற்பி தன் செய்தியைச் சொல்லி முடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதன் வாயை அப்போது அடைத்து என்ன பயன்?

ஏற்பி தப்பாகப் படிப்பதும் உண்டு. கவரிங் நகை போட்டால் காதும் கழுத்தும் அரித்துப் புண்ணாகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். குற்றவாளி பெரும்பாலும் அதிலுள்ள நிக்கல். மனிதரின் டிஎல்ஆர்-4இல் 456, 458ஆம் இடங்களில் இருக்கும் ஹிஸ்டிடின்களை நிக்கல் பற்றிக்கொண்டு, லிப்போபாலிசாக்கரைடு இல்லாமலே ஏற்பிகளை ஜோடி சேர்த்துவிடுகிறது என்று 2010இல் தெரிந்தது. சுண்டெலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை, அவற்றுக்கு நிக்கல் ஒவ்வாமையும் எளிதில் வருவதில்லை. மனித ஏற்பியை வைத்து வளர்த்த சுண்டெலிகளுக்கு வந்தது.

அடைப்பதில் தோற்றாலும், மெதுவாகத் தட்டுவதில் மருத்துவம் தேறியிருக்கிறது. லிப்போபாலிசாக்கரைடின் கொழுப்புப் பகுதியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டால் அது டிஎல்ஆர்-4ஐ மிதமாக மட்டும் எழுப்பும். அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸில் சேர்ப்பது அதைத்தான். கோவாக்சினில் எதிர்ப்பைத் தூண்டச் சேர்த்த துணைப்பொருளும் இதே யோசனையில் பிறந்தது. அது தட்டுவது செல்லுக்குள் இருக்கும் டிஎல்ஆர்-7, 8ஐ. ஜேன்வே சொன்ன அழுக்கு ரகசியம் இன்று தடுப்பூசி வடிவமைப்பின் அடிப்படை.

இனி அந்த 6 வாரக் குழந்தையிடம் திரும்புவோம். அதிகம் காய்ச்சல் தராத கக்குவான் தடுப்பூசியும் இருக்கிறது. 1970களின் நடுவில் ஜப்பானில் ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறக்க, மக்கள் பயந்து ஊசியை விட்டார்கள். 1979இல் கக்குவான் 13,000 பேருக்கு மேல் பரவி 41 பேரைக் கொன்றது. அப்போது அங்கே உருவானதுதான் செல்லற்ற தடுப்பூசி. முழு பாக்டீரியாவுக்குப் பதில் சுத்திகரித்த சில புரதங்கள் மட்டும். லிப்போபாலிசாக்கரைடு ஏறக்குறைய இல்லை, அதனால் காய்ச்சலும் வீக்கமும் வெகு குறைவு. 1981இலிருந்து ஜப்பானிலும், 1990களில் அமெரிக்காவிலும் அதுவே வழக்கமானது.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கணக்கு வந்தது. 2012இல் அமெரிக்காவில் 48,277 பேருக்குக் கக்குவான். 1955க்குப் பிறகு அவ்வளவு பெரிய எண்ணிக்கை இல்லை. செல்லற்ற ஊசி தரும் பாதுகாப்பு சில வருஷங்களிலேயே வேகமாகத் தேய்கிறது. முழு பாக்டீரியா ஊசி டி செல்களை ஒரு விதமாகப் பழக்குகிறது, செல்லற்றது வேறு விதமாகப் பழக்குகிறது. அந்த வித்தியாசத்தில் டிஎல்ஆர்-4இன் கையும் இருக்கிறது. முழு பாக்டீரியா ஊசி போடும் நாடுகள் அதையே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது அதுதான். தனியார் மருத்துவமனையில் கூடுதல் விலைக்கு 'வலி இல்லாத ஊசி' என்று கிடைப்பது மற்றது.